விலக்கும் புறநடையும்

(உழைப்பாளர் நாள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



உலக நாடுகளில் உழைப்பாளர்க்கும் ஏழையர்க்கும் உள்ள குமுகக் காப்பு எத்தகையது, நாட்டுக்கு நாடு அஃது ஏன் இவ்வளவு வேறுபடுகின்றது என்னும் பொருளில் உரையாற்றுமாறு நண்பர்கள் என்னைப் பணித்துள்ளனர். பொருளியல் வல்லார் உரைக்கவேண்டிய பொருளை ஒரு தமிழாசிரியனிடம் தந்தது பொருந்துமோ என்று நீங்கள் ஐயுறலாம். அந்நாடுகளின் சட்டங்களைக் கற்குங்கால், இஃது இலக்கணம் பயின்றவனுக்கும் உரிய பொருளே என்பது புலனாகும். ஏனெனில், காப்பின் அளவைத் தீர்மானிப்பது கருவூலத்தில் உள்ள பணம் மட்டுமன்று. ஒரு சொல்லுக்குச் சட்டம் கூறும் வரையறையும் ஆகும். அச்சொல் 'தொழிலாளர்' என்பது.

நம் இலக்கண நூலார் இயலின் இறுதியிற் புறநடை என்று ஒரு நூற்பா வைப்பர். மேலே விதந்து கூறிய நெறிகளுள் அடங்காது எஞ்சி நிற்பவை உளவாயின், அவற்றையும் ஏற்ற பெற்றி தழுவிக் கொள்க என்பதே அதன் கருத்து. தொல்காப்பியரும் இதைச் செய்தார்; நன்னூலாரும் செய்தார். விடுபட்ட சொல்லும் இலக்கணமின்றி நிற்றலாகாது என்னும் பெருந்தன்மை அது.

சட்ட நூலார் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. 'தொழிலாளர் என்பார் இவர்' என்று முதலில் வரையறுப்பர். அடுத்த வரியிலேயே 'ஆயினும் இன்னின்னார் இதனுள் அடங்கார்' என்று விலக்கு வைப்பர். இலக்கணத்தார் புறநடை வெளியே நிற்பதை உள்ளே அழைக்கின்றது. சட்டத்தார் விலக்கு உள்ளே இருக்க வேண்டியவரை வெளியே தள்ளுகின்றது. நாட்டுக்கு நாடு காப்பு வேறுபடுதற்குரிய கரணியங்களுள் தலையாயது இவ்விலக்கே என்பதுதான் யான் இன்று கூறவந்த செய்தி.

மூன்று கிளைகள்

குமுகக் காப்பு என்னும் மரத்துக்கு மூன்று கிளைகள் உள. முதலாவது காப்பீடு, தொழிலாளரும் முதலாளியும் பங்குத்தொகை செலுத்த, நோய், விபத்து, முதுமை, வேலையிழப்பு ஆகியவை வந்தவிடத்துக் கிடைப்பது. இரண்டாவது அரசுதவி, பங்குத்தொகை எதுவுமின்றி, அரசின் வரிப்பணத்தினின்று முதியோர்க்கும் குழந்தைகட்கும் உடற்குறையுடையோர்க்கும் தரப்பெறுவது. மூன்றாவது வேலைத்திட்டம், வேலையற்றோர்க்கு வேலை தருதலும் தொழிற்பயிற்சி தருதலும்.

1919 இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 1952 ஆம் ஆண்டு 102 ஆம் உடன்படிக்கை வாயிலாக இக்காப்பை ஒன்பது வகையாக வகுத்தது. அவ்வமைப்பு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023 இல், மருத்துவம் நீங்கலாக, ஒரு வகைப் பணவுதவியேனும் பெறத்தக்கவராய் இருந்தோர் உலக மக்களுள் 52.4 விழுக்காட்டினரே. 2015 இல் இது 42.8 ஆக இருந்தது. வளர்ச்சி உண்டு, ஆயினும் ஏறத்தாழ 380 கோடி மக்கள் எக்காப்புமின்றி நின்றனர். செல்வ நாடுகளில் 85.9 விழுக்காடு, மிக வறிய நாடுகளிலோ 9.7 விழுக்காடு.

வகைவகையாகப் பிரித்துக் காணின் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஓய்வூதியம் பெறும் அகவையை அடைந்த முதியோருள் 79.6 விழுக்காட்டினர் ஏதோ ஓர் உதவி பெறுகின்றனர். பணியிடத்து விபத்துக்குக் காப்புடையோர் 37.4 விழுக்காட்டினர். மகப்பேற்றுக் காலத்துப் பணவுதவி பெறும் தாய்மார் 36.4 விழுக்காட்டினர். வேலையிழந்தோருள் உதவி பெறுவோரோ 16.7 விழுக்காட்டினரே. முதுமைக்கு இரங்கும் உலகம், உடல் வலிமை இருந்தும் வேலை கிடைக்காதவர்க்கு இரங்குவதில்லை!

செல்வம் ஒன்றே கரணியமோ?

85.9 எங்கே, 9.7 எங்கே! இவ்வெண்களைக் கண்டவுடன், 'பணமுள்ள நாடு காக்கின்றது. பணமில்லா நாடு கைவிடுகின்றது. இதில் ஆராய என்ன உளது?' என்று கேட்கத் தோன்றும். பணம் ஒரு கரணியம் என்பதை யான் மறுக்கவில்லை. வரி திரட்ட இயலாத அரசு எதைக் கொண்டு ஈயும்? ஆனால், பணமே முழுக் கரணியம் என்பாரை வரலாறு மறுக்கின்றது.

முதலிற் செருமனியைக் காண்போம். பிசுமார்க்கு தலைமை அமைச்சராய் இருந்தபோது, 1883 இல் நோய்க் காப்பீடும், 1884 இல் விபத்துக் காப்பீடும், 1889 இல் முதுமைக் காப்பீடும் சட்டமாயின. அவர் உழைப்பாளர்பால் உருகியவர் அல்லர். 1878 இல் நிகரமை இயக்கத்தாரை ஒடுக்கும் சட்டத்தைக் கொணர்ந்தவர் அவரே. தொழிற்சாலைத் தொழிலாளர் அவ்வியக்கத்தின்பால் ஈர்க்கப்படாதிருக்க, ஒரு கையில் தடியும் மறுகையில் காப்பீடுமாக நின்றார். அதன் விளைவு யாது? அரசு யாரைக் கண்டு அஞ்சியதோ அவர்க்குக் காப்பு முதலிற் கிடைத்தது. கட்டாய நோய்க் காப்பீட்டுக்குள் வேளாண் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே. சிதறிக் கிடந்தவர், ஒன்றுகூடிக் குரலெழுப்ப இயலாதவர், 28 ஆண்டுகள் காத்திருந்தனர்.

அடுத்து, அமெரிக்க ஒன்றிய நாடுகள். 1935 ஆம் ஆண்டுக் குமுகக் காப்புச் சட்டம் முதுமைக் காப்பீட்டை நாடு முழுமைக்கும் கொணர்ந்தது. ஆயின் அதே சட்டம் வேளாண் உழைப்பையும் தனியார் வீட்டுப் பணியையும் விலக்கியது. கறுப்பின உழைப்பாளருள் பெரும்பாலோர் அவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். சட்டத்தில் 'கறுப்பர்' என்னும் சொல்லே இல்லை. எனினும், தொழிற்பெயரால் எழுதிய விலக்கு இனத்தையே விலக்கிற்று. 1950, 1954 ஆம் ஆண்டுத் திருத்தங்களால்தான் அவர்கள் படிப்படியாக உள்ளே வந்தனர். உலகின் பெருஞ்செல்வ நாடாகிய அந்நாட்டில், பிள்ளை பெற்ற தாய்க்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பைத் தனியார் பணியிலும் கட்டாயமாக்கும் நடுவணரசுச் சட்டம் இன்றும் இல்லை. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 கிழமை விடுப்பு, அதுவும் ஊதியமின்றி, அதுவும் 50 பேர்க்குக் குறையாத தனியார் நிறுவனங்களில். செல்வமே காப்பை ஈனுமாயின், இந்நிலை எங்ஙனம் தோன்றிற்று?

வேலைத்திட்டத்திலும் இவ்வரையறை வேலை செய்தது. அதே அமெரிக்காவில் 1935 முதல் 1943 வரை நடைபெற்ற பெரும் வேலைத்திட்டம், ஏறத்தாழ 85 நூறாயிரம் பேர்க்கு வேலை தந்தது. ஆனால், பொதுவாகக் குடும்பத்துக்கு ஒருவர்க்கே வேலை என்பது அதன் நெறி. அவ்வொருவர் பெரும்பாலும் ஆடவராகவே இருந்தார். இந்தியாவில் 2005 இல் இயற்றப்பெற்ற ஊரக வேலையுறுதிச் சட்டமோ, குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்று உறுதி கூறி, அந்நாட்களை வீட்டிலுள்ள அகவை வந்தோர் எவரும் பகிர்ந்துகொள்ள இடந்தந்தது. மூன்றில் ஒரு பங்கேனும் பெண்டிர்க்கு என்றும் வரையறுத்தது. தமிழ்நாட்டில் அத்திட்டத்தின் வேலைநாட்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை பெண்டிர் உழைத்தவை ஆயின. வரையறையின் ஒரு சொல் மாறினால், களத்திற்கு வருபவரே மாறுவர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நம்மவர் நின்ற வெளிவாயில்

இனித் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். 1928 இல் அந்நாடு முதியோர் உதவிப்பணச் சட்டத்தை இயற்றிற்று. வெள்ளையர்க்கு உதவி உண்டு. கலப்பினத்தார் எனப் பிரிக்கப்பட்டோர்க்கும் உண்டு, ஆயினும் தொகை குறைவு. மண்ணின் மக்களாகிய கறுப்பினத்தார்க்கு இல்லை, இந்தியர்க்கும் இல்லை.

அவ்விந்தியர் என்பார் யாவர்? 1860 நவம்பரில், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையினின்று புறப்பட்ட முதற் கப்பல் தர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு அன்று தொடங்கிய அவ்வேற்றுமதி 1911 இல்தான் முற்றாக நின்றது. அங்ஙனம் சென்றவருள் தமிழர் பெருந்தொகையினர். 1880 களில் இருபது அகவையிற் கப்பலேறிய ஒரு தமிழ் மகன், 1928 இல் அறுபதைக் கடந்த முதியவன். கரும்பு வெட்டிய கையால் இனி வெட்ட இயலாது. அந்நாட்டின் வளத்தில் அவன் வியர்வை இருந்தது. அந்நாட்டின் சட்டத்தில் அவன் பெயர் இல்லை!

1944 இல் அக்கதவு கறுப்பினத்தார்க்கும் இந்தியர்க்கும் திறந்தது. ஆனால், இனத்துக்கு ஒரு தொகை என்னும் படிமுறை மாறவில்லை. அனைத்தினத்தார்க்கும் ஒத்த தொகை என்பது 1993 இல்தான் வந்தது. உள்ளே சேர்த்தல் வேறு, ஒத்த இருக்கை தருதல் வேறு என்பதை இந்த 49 ஆண்டுகள் காட்டுகின்றன. ஒரு நாட்டின் காப்பு இத்தனை விழுக்காட்டினரைத் தழுவுகின்றது என்று எவரேனும் பெருமை பேசின், எத்துணை எண்ணிக்கையினர் என்பதோடு, அவர் கையில் எத்துணை விழுகின்றது என்றும் கேளுங்கள்.

இனக்கோடு அழிந்த அதே 1993 இல், பணியிடத்து விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் ஒன்றும் அந்நாட்டில் இயற்றப்பெற்றது. அதன் வரையறை, தனியார் வீட்டிற் பணிபுரிவோரைத் தொழிலாளர் அல்லர் என்று விலக்கிற்று. 2012 இல் பிரிட்டோரியா நகரில், கண்பார்வை குன்றிய ஒரு பெண்மணி, தாம் 22 ஆண்டுகளாகப் பணிசெய்த வீட்டின் நீச்சற் குளத்தில் மூழ்கி, பணியினிடையே இறந்தார். அவர் ஈட்டிய ஊதியத்தையே நம்பி வாழ்ந்த மகள் இழப்பீடு கேட்டார். சட்டத்தில் இடமில்லை என்பதே விடை. அதே பெண்மணி ஒரு தொழிற்சாலையில் துப்புரவுப் பணி செய்து இறந்திருப்பின் இழப்பீடு உண்டு. பணி ஒன்றே, துடைப்பமும் ஒன்றே, வாயில்தான் வேறு!

அம்மகள் பின்வாங்கவில்லை. வீட்டுப் பணியாளர் மன்றத்தின் துணையோடு வழக்காடினார். 2020 நவம்பர் 19 ஆம் நாள், அந்நாட்டின் அரசமைப்பு முறைமன்றம், அவ்விலக்கு அரசமைப்புக்கு மாறானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1994 ஏப்பிரல் 27 முதலே பொருந்தும் என்றும் கூறிற்று. ஒரு விலக்கை அழித்தற்கு ஓர் ஏழை மகளுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. ஆயினும் அவர் பெற்றது தமக்கு மட்டுமன்று. அந்நாட்டின் வீட்டுப் பணியாளர் அனைவர்க்கும் பெற்றார்.

வறிய நாடுகளின் துணிவு

விலக்கு வைப்பதில் செல்வ நாடுகள் முந்தின எனின், புறநடை வைப்பதில் வறிய நாடுகள் சில முந்தியுள்ளன.

தென்னாப்பிரிக்காவால் நாற்புறமும் சூழப்பட்ட சிறு மலைநாடு இலெசோத்தோ. 2004 இல் அந்நாடு, வேறு அரசு ஓய்வூதியம் பெறாத 70 அகவை நிறைந்த குடிமக்களுக்கெல்லாம் திங்கள்தோறும் உதவிப்பணம் தரத் தொடங்கிற்று. நீ எங்கு வேலை செய்தாய், எத்தனை ஆண்டு பங்குத்தொகை செலுத்தினாய் என்னும் வினாக்கள் அங்கில்லை. நேப்பாளமும் 1995 இல் 75 அகவை கடந்தோர்க்கு அங்ஙனமே தொடங்கிற்று. தொடக்கத்தில் திங்களுக்கு நூறு உருவாதான். தொகை சிறிது, ஆனால் வாயில் அகன்றது. வாயில் அகன்றிருப்பின் தொகையைப் பின்னர் உயர்த்தலாம். வாயில் குறுகியிருப்பின், உயரும் தொகையெல்லாம் உள்ளிருப்பார்க்கே சேரும்.

பிரேசில் நாட்டு வரலாறும் நாம் கற்கத்தக்கது. 1971 இல் அங்கு உழவுத் தொழிலாளர்க்கென ஓர் ஓய்வூதியம் வந்தது. அது குடும்பத் தலைவர் ஒருவர்க்கே. தொகையும் குறைந்தளவுக் கூலியிற் பாதியே. வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்த மனைவி, சட்டத்தின் கண்ணுக்கு உழவர் அல்லர், உழவரின் மனைவி! 1988 ஆம் ஆண்டு அரசமைப்பும் அதனைச் செயற்படுத்திய 1991 ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை மாற்றின. ஆடவர்க்கு 60, பெண்டிர்க்கு 55 என அகவை வரையறுக்கப்பட்டது; இருவர்க்கும் தனித்தனியே உரிமை கிடைத்தது; தொகையும் குறைந்தளவுக் கூலி முழுமைக்கும் உயர்ந்தது. சிற்றுழவர் பங்குத்தொகைச் சீட்டுக் காட்ட வேண்டுவதின்று. இத்தனை ஆண்டு நிலத்தில் உழைத்தார் என்னும் சான்றே போதும் என்றாயிற்று. 'குடும்பத் தலைவர்' என்னும் ஒரு சொல் நீங்கியதும் எத்தனை தாய்மார் உள்ளே வந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் நெடுங்காலம் பிடிக்கும் செயல்கள் என்பார்க்குத் தென்கொரியா விடை கூறும். 1977 இல் 500 பேர்க்குக் குறையாத நிறுவனங்களில் மட்டும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று அந்நாடு. அன்று அது செல்வ நாடும் அன்று. எண்ணிக்கை வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, 1988 இல் ஊரக மக்களையும், 1989 இல் நகரத்துச் சிறுதொழிலாளரையும் வணிகரையும் சேர்த்தது. 12 ஆண்டுகளில் நாடு முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

எண்ணிக்கை வரம்பு என்று கூறினேன். நமக்கும் அது புதிதன்று. 1948 ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், மின்னாற்றல் போன்ற ஆற்றலால் இயங்குவனவும் 20 பேர்க்குக் குறையாதனவுமாகிய தொழிற்சாலைகளையே முதலில் தழுவிற்று. பத்தொன்பது பேர் வேலை செய்த பட்டறையில் விரலிழந்தவனுக்கு அக்காப்பில் இடமில்லை. இருபதாம் ஆள் ஒருவன் வந்து சேராமையால், முன்னுள்ள பத்தொன்பதின்மரும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை! அவ்வரம்பு பின்னாளிற் பத்தாகக் குறைந்தது. குறைந்தது நன்று, ஆயின் ஒன்பதின்மர் உழைக்கும் பட்டறை அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

நம் கடமை

பெருமக்களே! இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குக. செருமனியில் 1911 வரை, அமெரிக்காவில் 1950 வரை, தென்னாப்பிரிக்காவில் 2020 வரை, வாயிலுக்கு வெளியே இறுதிவரை நின்றவர் யார்? வீட்டுப் பணியாளர். நாடு வேறு, மொழி வேறு, ஆட்சி வேறு. விலக்கப்பட்டவர் மட்டும் ஒருவரே. உலகில் வீட்டுப் பணியாளர் ஏறத்தாழ 7 கோடியே 56 நூறாயிரம் பேர் என்றும், அவருள் நான்கில் மூவர் பெண்டிர் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டுள்ளது. ஒன்பது வகைக் காப்பும் முழுமையாக உடையோர் அவருள் நூற்றுக்கு அறுவரே. இவர்க்கெனவே 2011 இல் அவ்வமைப்பு 189 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. செருமனி, தென்னாப்பிரிக்கா, பிரேசில் ஆகியவை அதனை ஏற்றுள்ளன. இந்திய அரசு அவ்வுடன்படிக்கையை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு முதலாளி யாரோ ஒருவர். வீட்டுப் பணியாளர்க்கு முதலாளி யார்? இவ்வவையிலுள்ள நாம். நம் இல்லங்களில் ஏனம் துலக்கியும் தரை மெழுகியும் துணி வெளுத்தும் உதவும் தாய்மார் நோயுற்ற நாளில் ஊதியம் பிடித்தம் செய்யும் கை, நம் கையே. ஆகவே, அரசைக் கேட்பதோடு நம் வாயிலையும் நாம் அளந்து பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கென 1982 இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அதன்வழி அமைந்த நல வாரியங்களுள் வீட்டுப் பணியாளர்க்குரியதும் ஒன்று. சட்டம் இருந்தும் பெயர் பதியாதவர்க்கு அஃது இல்லாததே. பதிவுத்தாளை நிரப்பத் தெரியாமையும், சான்று வாங்க ஒருநாட் கூலியை இழக்க இயலாமையும், எழுதப்படாத விலக்குகள். எழுதிய விலக்கை முறைமன்றம் அழிக்கலாம். எழுதப்படாத விலக்கை எழுத்தறிந்தவர்தாம் அழிக்க முடியும்.

எனவே, மூன்று வேண்டுகோள். ஒன்று, உங்கள் இல்லத்தில் உழைப்பவர் பெயர் வாரியத்திற் பதிவாகியுள்ளதா என்று இக்கிழமையே கேளுங்கள். இல்லையெனின் நீங்களே தாளை நிரப்பிக் கொடுங்கள். இரண்டு, கிழமைக்கு ஒருநாள் ஓய்வும், நோயுற்ற நாட்கு ஊதியமும் எந்தச் சட்டமும் கேளாமலே தாருங்கள். மூன்று, புதிய நலத்திட்டம் எதனை எந்த அரசு அறிவிப்பினும், முதலில் அதன் வரையறையைத் தேடிப் படியுங்கள். அதில் யார் பெயர் இல்லை என்று கண்டு, அதனை ஊரறியச் சொல்லுங்கள்.

விடுபட்ட சொல்லுக்கும் நூற்பா வகுத்தவர் நம் முன்னோர். விடுபட்ட மாந்தர்க்கு அதனைச் செய்தல் நம்மால் இயலாததன்று.